ஒசாகாவில் ஐந்து ராத்திரி, குடிக்காத அண்ணனையும் கூட்டிக்கொண்டு: எங்கே போகலாம்?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கேயம் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறோம். தீபாவளி முடிந்ததும் நிட்டிங் மெஷின் பார்க்க ஜப்பானில் வாகயாமா போக வேண்டிய சோலி, ஆனால் தங்குவது ஒசாகாவில், நம்பா ஸ்டேஷன் பக்கத்தில். பகலெல்லாம் வேலை, ஐந்து ராத்திரி சும்மா இருக்கிறது.

நான் இரண்டு பீருக்கு மேல் போகாதவன். கூட வருவது பெரியப்பா மகன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சுத்த சைவம், வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவரை ரூமில் விட்டுவிட்டு நான் மட்டும் போவது சரியில்லை, அவரும் "அத்தனை தூரம் வந்து நாலு சுவரைப் பார்த்துட்டு வர்றதுக்கா டிக்கெட் போட்டே, ராத்திரியில அந்த ஊரைப் பார்க்கோணும்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதே ஆசைதான். நம் ஊரில் பார் என்றால் டாஸ்மாக் பக்கத்துத் தகரக் கொட்டகை, இல்லையென்றால் கோவையில் இருட்டான நட்சத்திர ஓட்டல், இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அங்கே விதவிதமாக இருக்கிறது என்கிறார்கள். நெட்டில் தேடினால் டோடோன்போரியில் ஓடுகிற ஆள் போர்டு முன்னால் கைதூக்கி நிற்கிற படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

எந்தப் பகுதிக்கு எப்போது போவது, குடிக்காதவரைக் கூட்டிப் போனால் முகம் சுளிப்பார்களா, பில் எப்படி வரும், ஏமாற்று எங்கே இருக்கும்? அங்கே இருப்பவர்களோ போய் வந்தவர்களோ விவரமாகச் சொன்னால் பெரிய உதவிங்க.

தடப்பள்ளி வாய்க்கால் (கோபி, இப்போது ஒசாகா) எழுதியது:

தம்பி, கோபிக்காரன் நான், ஒன்பது வருடமாக ஒசாகாவில் இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஊரின் அமைப்பு. ஒசாகாவின் ராத்திரிக்கு இரண்டு தலை. வடக்கே கிதா, அதாவது உமேதா ஸ்டேஷனைச் சுற்றி. தெற்கே மினாமி, நீங்கள் தங்கப்போகிற நம்பா, ஷின்சாய்பாஷி, டோடோன்போரி எல்லாம் அதில் அடக்கம். மிதோசுஜி என்கிற சுரங்க ரயில் இரண்டையும் இணைக்கிறது, பத்து நிமிடம்கூட ஆகாது. உமேதா பக்கம் கிதாஷின்ச்சி என்று ஒன்று இருக்கிறது, கம்பெனி முதலாளிகள் வாடிக்கையாளரைக் கூட்டிப்போகிற இடம். அங்கே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுக்கிற கிளப்புகளில் ஒரு ராத்திரிக்கே பல பத்தாயிரம் யென் ஆகிவிடும். தெருவில் நடந்து பாருங்கள், பூக்கடைகளும் கிமோனோ பெண்களும் பார்க்க அழகுதான், தெரிந்தவர் அழைக்காமல் உள்ளே போக வேண்டாம்.

என்னைக் கேட்டால் ஒசாகாவின் உயிர் இருப்பது எட்டுப் பேர் உட்காரும் கடையில்தான். ஒரு கவுன்ட்டர், அந்தப் பக்கம் ஒரே ஆள், அவரே சமைப்பார், அவரே ஊற்றுவார், அவரே கணக்குப் போடுவார். இந்த மாதிரிக் கடை ஒரே கட்டிடத்தில் ஐந்து மாடிக்கும் அடுக்கடுக்காக இருக்கும், வெளியே தெருவில் சின்னச் சின்ன விளக்குப் பலகையில் பெயர்கள் மட்டும். கதவைத் திறக்கத் தயக்கமாக இருக்கும். அதற்குத்தான் முதலில் நின்று குடிக்கிற கடையில் ஆரம்பிக்கச் சொல்கிறேன், தச்சினோமி என்பார்கள். கதவே இல்லாமல் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். நம்பாவுக்குப் பின்புறம் உரா நம்பா என்கிற சந்துகளில் நிறைய. ஒரு கிளாஸ் பீர் 400லிருந்து 600 யென் வரை, இப்போது 100 யென் நம் பணத்தில் 55, 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைகளில் ஒரு தடவையாவது சாக்கே சொல்லிப் பாருங்கள். மரத்தால் செய்த சின்னச் சதுரப் பெட்டிக்குள் ஒரு கண்ணாடி டம்ளரை வைப்பார்கள். பெரிய பாட்டிலை இரண்டு கையாலும் சாய்த்து டம்ளர் நிறைய ஊற்றுவார்கள், நிறைந்த பிறகும் நிறுத்த மாட்டார்கள், விளிம்பில் வழிந்து பெட்டிக்குள் இறங்கும், பெட்டியும் பாதி நிறைந்த பிறகுதான் பாட்டில் நிமிரும். டம்ளரைத் தூக்கினால் சிந்திவிடும் என்பதால் எல்லோரும் முதல் வாயைக் குனிந்துதான் உறிஞ்சுவார்கள். கோட்டு சூட்டு போட்ட மேனேஜரும் குனிவார், பக்கத்தில் பெயின்ட் அடித்த கையோடு நிற்கிற ஆளும் குனிவார். நான் இந்த ஊரை விரும்ப ஆரம்பித்தது அந்தக் காட்சியைப் பார்த்த அன்றைக்குத்தான். சாக்கே அரிசியில் செய்வது, பெரும்பாலும் 15, 16 சதவீதம் ஆல்கஹால், பீர் மாதிரி மடமடவென்று குடிக்கக் கூடாது. பெரிய சாக்கே ஊர்கள் இரண்டுமே பக்கம், கோபேயை ஒட்டி நாதா, கியோட்டோவில் ஃபுஷிமி. என் அப்பிச்சி தோப்பில் கள் இறக்கிய காலத்தைப் பற்றி இன்றைக்கும் ஏக்கமாகப் பேசுவார். 1987ல் தடை வந்ததோடு அது போய்விட்டது. தன் ஊர் அரிசியில், தன் ஊர்த் தண்ணீரில் செய்ததை ஒரு ஊர் மரியாதையாகக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

பில் விஷயம். உட்காருகிற கடையில் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ தொட்டுக்கொள்ள வரும். டோக்கியோவில் ஒதோஷி, இங்கே ட்சுகிதாஷி. பில்லில் ஆளுக்கு 300லிருந்து 500 யென் ஏறும். அது ஏமாற்று இல்லை, உட்காருவதற்கான காசு. காக்டெயில் பார்களில் அதுவே 'சார்ஜ்' என்ற பெயரில் இன்னும் கூடுதலாக இருக்கும். டிப்ஸ் வேண்டாம், வைத்தாலும் ஓடி வந்து திருப்பித் தருவார்கள். சின்னக் கடையில் ரொக்கம் வைத்திருங்கள். ஒரு கடையில் ஒன்றோ இரண்டோ குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகருவதுதான் இங்கத்தப் பழக்கம், ஏணிப்படி ஏறுவது மாதிரி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எட்டே நாற்காலி இருக்கிற கடையில் மூன்று மணி நேரம் நாம் உட்கார்ந்துகொண்டால் அவர் பிழைப்பு என்னாவது?

சிறுவாணித்தண்ணி (கோவை) எழுதியது:

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பீளமேடு, ஒசாகாவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன், போன வருடம்தான் திரும்பினேன்.

உங்கள் ஒரு ராத்திரியைத் தென்மாவுக்குக் கொடுங்கள். ஒசாகா ஸ்டேஷனிலிருந்து லூப் லைனில் ஒரே ஸ்டேஷன். பக்கத்திலேயே தென்ஜின்பாஷிசுஜி, 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட கடைத்தெரு, ஜப்பானிலேயே நீளமானது என்பார்கள். அதை ஒட்டிய சந்துகளில் சுற்றுலாக்காரர்கள் குறைவு, ஆபீஸ் விட்டு வருகிற உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். நான் முதல் தடவை தனியாகப் போனபோது வாசலில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே எட்டிப் பார்த்தால் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தனியாக நின்று, காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஒரு பீரும் ஒரு தட்டு ஊறுகாய்க் காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியதில் நான் இழந்தது எது என்று யாராவது கேட்டால் அந்த அரை அடி இடத்தைத்தான் சொல்லுவேன். நம் ஊரில் ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக நின்று டீ குடித்தாலே நாலு பேர் வண்டியை ஸ்லோ பண்ணுவார்கள். குடிக்கச் சொல்லி நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை, நிற்கிற இடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்புறம் 'ஸ்நாக்' என்று போர்டு பார்த்தால் நொறுக்குத்தீனிக் கடை என்று நினைக்காதீர்கள். வயதான ஒரு அம்மா நடத்துகிற சின்ன பார் அது, எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் (அம்மா என்ற அர்த்தத்தில், முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது). வழக்கமாக வருகிறவர்கள் முழு பாட்டிலாக வாங்கித் தங்கள் பெயர் எழுதி அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த தடவை வந்து அதிலிருந்தே ஊற்றிக்கொள்வார்கள். கரோக்கேவில் பாடுவார்கள். கரோக்கே மெஷின் 1971ல் பக்கத்துக் கோபேயில் இனோவே தாய்சுகே செய்து வாடகைக்கு விட்டதுதான், அதனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதில் ஒரு உரிமையே உண்டு. ஸ்நாக்குக்குத் தெரிந்தவர் ஒருவரோடு போவது நல்லது, விலை வெளியே எழுதியிருக்காது. பாட மட்டும் ஆசை என்றால் தனி ரூம் கரோக்கே கடைகள் எங்கும் இருக்கின்றன, அங்கே குடிக்க வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் அண்ணனுக்கு அது பிடிக்கும்.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், மறுபடி ஐந்து மணிக்குத்தான். டாக்ஸி விலை நெஞ்சடைக்கும். உமேதா, தென்மா போகிற அன்றைக்குப் பதினொன்றரைக்கே கிளம்பிவிடுங்கள். தவறிவிட்டால் ஒரு ஆள் மட்டும் படுக்கிற பெட்டி பெட்டியாக அடுக்கிய கேப்சூல் ஓட்டல் இருக்கிறது, உலகத்தின் முதல் கேப்சூல் ஓட்டலே 1979ல் உமேதாவில் திறந்ததுதான். கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆபீஸ்காரர்களுக்குத் தோதான ஏற்பாடு.

ஊத்துக்குளி வெண்ணெய் எழுதியது:

டோடோன்போரி எபிசுபாஷி பாலத்துக்கும் ஷின்சாய்பாஷிக்கும் நடுவில் யார் வந்து "ஒரு மணி நேரம் 3,000 யென், எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்" என்று கையைப் பிடித்தாலும் போகாதீர்கள். நானும் என் கூட்டாளியும் போனோம். நாலாவது மாடி, உள்ளே இரண்டு பெண்கள், அவர்கள் குடித்தது எங்கள் கணக்கில். முக்கால் மணி நேரத்தில் பில் 48,000 யென். கேட்டால் ஜப்பானியில் எழுதிய ஒரு அட்டையைக் காட்டுகிறார்கள், கதவுப் பக்கம் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டான். பயந்து கார்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். அப்படித் தெருவில் நின்று ஆள் பிடிப்பதே அங்கே சட்டப்படி குற்றம், நல்ல கடைக்காரன் ஆள் விட மாட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. தெருமுனைகளில் கோபான் என்று சின்ன போலீஸ் சாவடி இருக்கும், போன் நம்பர் 110. எங்களுக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணம் தப்பித்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். அந்த டம்ளர் வழிகிற விஷயத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன், "அதைப் பார்க்கவே வரலாம்" என்கிறார். சாப்பாடு மட்டும் கவலையாக இருக்கிறது. அவருக்கு மீன் வாசமே ஆகாது. பொழுதோடு ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமா? அவர் கையில் என்ன கிளாஸ் வைத்துக்கொண்டு நிற்பது?

அரசமரத்தடி (பெருந்துறை) எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லலாம். வயது அறுபத்தெட்டு, மது தொட்டதில்லை, சைவம். மகளும் மருமகனும் ஒசாகாவில் இருந்தபோது மூன்று மாதம் போய் இருந்தேன், மருமகன் என்னை வாரம் ஒரு நாள் இந்த மாதிரிக் கடைகளுக்குக் கூட்டிப்போவார்.

ஊலோங் சா என்று கேளுங்கள், சர்க்கரை இல்லாத குளிர்ந்த தேநீர், எந்த பாரிலும் கிடைக்கும். பார்க்க விஸ்கி மாதிரியே இருக்கும். ஆளுக்கு ஒரு பானமாவது சொல்வதுதான் முறை, அது டீயாக இருந்தாலும் அதே மரியாதைதான் கொடுத்தார்கள், ஒரு நாளும் யாரும் வற்புறுத்தியதில்லை.

சாப்பாட்டில் கறாராக இருங்கள். தெளிந்த ரசம் மாதிரி தெரிவதில்கூட மீன் சாறு இருக்கும், தாஷி என்று பெயர். தாகோயாக்கி உருண்டைக்குள் இருப்பது ஆக்டோபஸ். ஷின்செகாய் என்ற பழைய பகுதியில், ட்சூதென்காகு கோபுரத்தடியில், குஷிகாட்சு என்று குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள், வெங்காயம், தாமரைத்தண்டு எல்லாம் உண்டு. ஆனால் கறி பொரித்த அதே எண்ணெய்தான், மாவிலும் முட்டை, அதனால் நான் தொடவில்லை. கோபுரமும் விளக்கும் பார்க்கப் போகலாம், நம்பாவிலிருந்து இரண்டு ஸ்டேஷன். சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விதி, பொதுக் கிண்ணத்தில் சாஸ் வைத்திருந்தால் கடித்த குச்சியை அதில் இரண்டாம் தடவை முக்கக் கூடாது, சுவரிலேயே எழுதியிருக்கும். எச்சில் பார்க்கிற நம்ம ஆட்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்தது எடமாமே, அதாவது உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயா, நம் ஊர் அவித்த நிலக்கடலை மாதிரி உரித்து உரித்துத் தின்னலாம். அப்புறம் குளிர்ந்த தக்காளித் துண்டு. டோஃபு கேட்டால் மேலே மீன் சீவலைத் தூவிவிடுவார்கள், "கட்சுவோபுஷி நாஷி" என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். சோயா சாஸ் என்று ஊற்றுவதிலும் சில சமயம் தாஷி கலந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறைய இதெல்லாம் போதாது, சாயங்காலமே இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சாப்பிட்டுவிடுங்கள், நம்பா பக்கம் கிடைக்கும்.

எனக்குப் பிடித்த இடம் ஹோசென்ஜி சந்து. டோடோன்போரி இரைச்சலிலிருந்து இரண்டு நிமிட நடை, கல் பாவிய குறுகலான வழி, இரண்டு பக்கமும் சின்னச் சாப்பாட்டுக் கடை, பார். அதன் நடுவில் ஒரு கோயில், உள்ளே ஃபுடோ மியோஓ என்ற சாமி. நம் வடமொழியில் அசலன், அசையாதவர். வருகிறவர்கள் அகப்பையில் தண்ணீர் மொண்டு மேலே ஊற்றி ஊற்றி, சிலை முழுக்கப் பாசி பிடித்துப் பச்சைப் பட்டு உடுத்தின மாதிரி நிற்கிறார், முகம்கூடத் தெரியாது. நான் போனது ராத்திரி பத்து மணி. கடையை மூடிவிட்டு வந்த ஒரு பார்க்காரப் பெண், அலங்காரத்தோடு, எனக்கு முன்னால் நின்று ஊற்றிக் கும்பிட்டார். எங்கள் ஊர் அரசமரத்துப் பிள்ளையாருக்குக் குடம் குடமாக ஊற்றுவதுதான் கண்ணில் வந்தது. குடிக்கிற தெருவுக்கு நடுவில் சாமி இருக்கிறதே என்று அங்கே யாருக்கும் சங்கடமில்லை.

ஈரோட்டு மஞ்சள் எழுதியது:

டான்ஸ் பக்கம் யாரும் சொல்லவில்லை. ஷின்சாய்பாஷிக்கு மேற்கே அமெரிகாமுரா, சுருக்கமாக அமேமுரா, பழைய துணிக் கடை, ரெகார்டு கடை, கிளப் எல்லாம் அங்கே. இன்றைக்கு விடிய விடிய ஆடுகிறார்கள், ஆனால் அதற்குப் பின்னால் பெரிய போராட்டமே இருக்கிறது. 1948ல் போட்ட ஒரு சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வாடிக்கையாளரை ஆட விடக் கூடாது, லைசென்ஸ் வாங்கினாலும் விடிய விடிய நடத்தக் கூடாது. பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, 2010க்குப் பிறகு ஒசாகா போலீஸ் கிடுக்கிப்பிடி போட்டது. 2012ல் உமேதா பக்கம் ஒரு கிளப் நடத்தியவரையே கைது செய்தார்கள், 2014ல் கோர்ட் விடுவித்தது. அப்புறம்தான் சட்டத்தைத் திருத்தி, 2016 ஜூனிலிருந்து விடிய விடிய நடத்த வழி வந்தது. இளைஞர்கள் கையெழுத்து வாங்கியே இதைச் செய்தார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை. மது குடிக்க அங்கே இருபது வயது ஆக வேண்டும், பாஸ்போர்ட் கையில் வையுங்கள், கிளப் வாசலில் கேட்பார்கள்.

இன்னொன்று. ஓட்டலில் சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பார்கள், ஒரு கிளாஸ் குடித்திருந்தாலும் அதைத் தொடாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து லேசான போதையில் சைக்கிள் ஓட்டினாலே ஜெயில் அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் இறுகிவிட்டது. சிகரெட்டும் அப்படித்தான், 2025 ஜனவரியிலிருந்து ஒசாகா நகரம் முழுக்கத் தெருவில் புகை பிடிக்கத் தடை.

தடப்பள்ளி வாய்க்கால் எழுதியது:

பெருந்துறை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நாளைக்கே ஹோசென்ஜி போகலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வாருங்கள். "மோகாரிமக்கா?" லாபம் வருதா என்று அர்த்தம், ஒசாகா வியாபாரிகள் பழைய காலத்தில் பார்த்தவுடன் விசாரித்துக்கொள்வது. அதற்குப் பதில் "போச்சி போச்சி தென்னா", ஏதோ ஓடுதுங்க. இப்போது இளசுகள் சொல்வதில்லை, ஆனால் வயதான கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், பனியன் வியாபாரம் என்றும் சொல்லுங்கள். இந்த ஊரும் ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் வளர்ந்ததுதான், கீழ்த்திசை மான்செஸ்டர் என்றே பெயர் எடுத்தது.

மழை பிடித்துக்கொண்டால் உமேதாவில் எகிமாயே கட்டிடங்கள் நாலு இருக்கின்றன, அவற்றின் நிலத்தடி முழுக்கச் சின்னச் சின்ன பார். குடை இல்லாமலே ஸ்டேஷனிலிருந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிறையக் கடை லீவு.

நொய்யல்கரை எழுதியது:

"ஏதோ ஓடுதுங்க"! காதர்பேட்டையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோவைக்கு மட்டும்தான் மான்செஸ்டர் பேர் என்று நினைத்திருந்தேன். அண்ணன் இரண்டு வார்த்தையையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

முதல் ராத்திரி ஹோசென்ஜி, அங்கிருந்து உரா நம்பா. இரண்டாம் நாள் ஷின்செகாய் சும்மா சுற்றிப் பார்க்க. மூன்றாவது தென்மா, பதினொன்றரைக்கு ரயில். மற்ற இரண்டு நாளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறோம். ஐயா, அந்தக் கோயிலில் காணிக்கை ஏதாவது போட வேண்டுமா?

அரசமரத்தடி எழுதியது:

கட்டாயமில்லை. ஐந்து யென் நாணயம் போடுவார்கள், அதன் பெயரும் உறவு என்கிற சொல்லும் அவர்கள் பாஷையில் ஒரே உச்சரிப்பு. நடுவில் ஓட்டை இருக்கும், என் பாட்டி வைத்திருந்த ஓட்டைக் காலணா மாதிரியே. கடையில் சில்லறை வாங்கும்போது இரண்டு எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று.